க்ரூஸ் கன்ட்ரோலும் பதினாலு கொண்டை ஊசியும்

வண்டியில ஏசி ஓடலைன்னா அன்னிக்கு சாயங்காலமே ஷெட்டுக்கு ஓடறோம். ஹாரன் அடிக்கலைன்னா நம்மூர் ரோட்டுல அஞ்சு நிமிஷம் கூடத் தாங்காது. ஆனா க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யலைன்னா? "போனா போவுது, காலு இருக்குல்ல?" அவ்ளோதான். வருஷக்கணக்கா அந்த பட்டன் சும்மா கிடக்கிற வண்டிகளை எனக்குத் தெரியும். என் மாமாவோட வண்டியும் அதுல ஒண்ணு.

இந்தப் பதிவு அந்த "போனா போவுது"க்கு எதிரானது.

மேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி, இதைப் பயன்படுத்தாத மக்களுக்காக ஒரு சின்ன முன்னோட்டம் (தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக் குதிச்சிடுங்க). நெடுஞ்சாலையில 80ல போயிட்டிருக்கீங்க. ஸ்டியரிங்ல இருக்கிற பட்டனை அழுத்தினா மீட்டர்ல பச்சையா ஒரு விளக்கு எரியும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடலாம். மேடு வந்தா வண்டியே டீசலைக் கூட்டிக்கும், இறக்கம் வந்தா குறைச்சுக்கும். ப்ரேக்கையோ கிளட்சையோ தொட்ட நொடி விட்டுடும்.

இதைக் கண்டுபிடிச்சவருக்குக் கண்ணு தெரியாது. நிஜமாத்தாங்க. ரால்ஃப் டீட்டர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர். அஞ்சு வயசுல நடந்த ஒரு விபத்துல பார்வை போச்சு. அவரோட வக்கீல் கார் ஓட்டும்போது பேசினா மெதுவா போவாராம், பேச்சை நிறுத்தினா வேகமா போவாராம். பக்கத்துல உக்காந்திருந்த டீட்டருக்குக் குலுங்கிக் குலுங்கி வெறுத்துப்போய் இந்த யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க. 1950ல காப்புரிமை வாங்கினார். 1958ல கிரைஸ்லர் கம்பெனி கார்கள்ல விற்பனைக்கு வந்துச்சு. கார் ஓட்டவே முடியாத ஒருத்தர் கார் ஓட்டறவங்களுக்காகச் செஞ்ச பொருள். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை, அதான் நுழைச்சுட்டேன்.

இப்ப மாமா.

மாமாவுக்கு வாணியம்பாடி பக்கத்துல ஒரு தோல் ஷாப்புல சூப்பர்வைசர் வேலை. (வெளியூர் மக்களுக்கு: தோல் ஷாப்னா கடை இல்லை, தோல் பதனிடற தொழிற்சாலை. எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம்.) வீடு ஏலகிரி மேல. நிலாவூர் போற வழியில கொஞ்சம் நிலம், பலா மரங்கள், மழை பெஞ்சா முழங்கால் வரைக்கும் சேறு. அந்தச் சேத்துக்காகத்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கினார். என்ன வண்டின்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன் :-) எந்தக் கம்பெனி வண்டியிலயும் இது நடக்கும்.

தினமும் காலைல மலை இறங்கணும். பதினாலு கொண்டை ஊசி வளைவு. போனவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள்னு பேர் வச்சு போர்டு மாட்டியிருப்பாங்க. அடிவாரத்துல பொன்னேரி. அங்கிருந்து வாணியம்பாடி. வேலை விஷயமா ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர்னு போகணும்னா சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை. ஒரு காலத்துல என்ஹெச் 46, இப்ப 48. தங்க நாற்கரச் சாலையோட ஒரு துண்டு. க்ரூஸ் கன்ட்ரோலை நிம்மதியா போடற மாதிரி எங்க ஏரியாவுல இருக்கிற ஒரே ரோடு இதுதான். மாமாவுக்கு வலது முட்டியில தேய்மானம் வேற. டாக்டர் சொன்னதுல இருந்து அந்த பட்டன் மேல அவருக்கு ஒரு பாசம்.

அந்த பட்டன்தான் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. சில நாள் போடும். சில நாள் என்ன அழுத்தினாலும் பச்சை விளக்கு வராது. வந்தாலும் ஒரு தடவை ப்ரேக் புடிச்சுட்டு மறுபடி போட்டா முறைச்சுக்கும்.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டியிருக்கார். செக் எஞ்சின் விளக்கு எரியலை, அதனால எஞ்சின்ல பிரச்சினை இல்லை. ஸ்டியரிங்ல இருக்கிற சுவிட்ச் போயிருக்கும், உள்ள இருக்கிற சுருள் ஒயரோட சேத்து மாத்தணும், 18,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. மாமா ஒரு சலாம் போட்டுட்டு வந்துட்டார். "பதினெட்டாயிரத்துக்கு நான் முட்டிக்கே வைத்தியம் பாத்துக்குவேன் மாப்ள."

நான் பெங்களூர்ல பொட்டி தட்டறவன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் புடிச்சு ஜோலார்பேட்டையில இறங்கினா மாமா வண்டியோட நிப்பார். அப்படி ஒரு வார இறுதியிலதான் இந்தக் கதையைக் கேட்டேன். நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சு அதுக்கு அப்புறம் ஒரு தடவை கூட சால்டரிங் அயர்னைத் தொடாத கையி. அரிச்சது.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம், இப்ப வர்ற வண்டியில க்ரூஸ் கன்ட்ரோல்னு தனியா ஒரு மெஷின் கிடையாது. பழைய காலத்துல இருந்துச்சு. வேக்குவத்துல இழுக்கிற ஒரு டப்பா, அதுல இருந்து ஒரு கேபிள், அது ஆக்ஸிலேட்டரை இழுத்துப் புடிச்சுக்கும். பெட்ரோல் எஞ்சின்ல காத்து உள்ள போற வழியை அடைக்கிற கதவு இருக்கிறதால வேக்குவம் சும்மா கிடைச்சுது. அந்தக் காலத்து டீசல்ல அந்தக் கதவே கிடையாது, அதனால வேக்குவத்துக்குன்னு தனி பம்ப் வச்சாங்க. இன்னிக்கும் ப்ரேக் பூஸ்டருக்காக அந்த பம்ப் டீசல் வண்டிகள்ல இருக்கு. ஆனா ஆக்ஸிலேட்டருக்கு இப்ப கேபிளே கிடையாது. பெடல்ல ரெண்டு சென்சார், அது சொல்ற வோல்டேஜைப் பாத்து கம்ப்யூட்டர் எவ்வளவு டீசல் தெளிக்கணும்னு முடிவு பண்ணுது. க்ரூஸ் போட்டா பெடலுக்குப் பதிலா அதுவே ஒரு அளவைப் போட்டுக்குது. அவ்ளோதான். முழுக்க சாஃப்ட்வேர்.

அதாவது நம்ம ஏரியா!

நம்ம பாஷையில சொன்னா அது ஒரு நீளமான இஃப் கண்டிஷன். ப்ரேக் அழுத்தலை, கிளட்ச் அழுத்தலை, வேகம் 40க்கு மேல (இது வண்டிக்கு வண்டி மாறும்), நாலு சக்கரமும் சொல்ற வேகம் ஒத்துப் போகுது, ஏபிஎஸ் நல்லா இருக்கு, டர்போ, ஈஜிஆர் இதுல எல்லாம் பெரிய புகார் இல்லை, ஸ்டியரிங் பட்டன்ல இருந்து வர்ற வோல்டேஜ் சரியா இருக்கு... இத்தனையும் உண்மையா இருந்தாத்தான் பச்சை விளக்கு. ஒண்ணு பொய்யானாலும் விலகிக்கும். சண்டை போடாது, சத்தம் போடாது, நைசா ராஜினாமா பண்ணிடும். வண்டியில வேற எங்கயோ ஒரு சின்ன சந்தேகம் வந்தாலே முதல்ல பொட்டியைக் கட்டற ஆளு இதுதான்.

அதனால "க்ரூஸ் கன்ட்ரோல் போச்சு"ன்னு சொல்றதே பாதி நேரம் தப்பு. அது போகலை. அதுக்கு யாரோ "வேணாம்"னு சொல்லிட்டிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

ஸ்டியரிங் சுவிட்சை முதல்லயே கிட்டத்தட்ட ஒதுக்கிட்டேன். ஒரே ஒயர்ல நாலஞ்சு பட்டன் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ரெசிஸ்டர், எந்த வோல்டேஜ் வருதோ அதை வச்சு எந்த பட்டன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். இது போச்சுன்னா ஸ்டியரிங்கைத் திருப்பறப்ப வந்து வந்து போகணும். இங்க ஸ்டியரிங் நேரா இருந்தாலும் வரலை, வர்ற நாள்ல வளைவுல கூட விடலை. சுருள் ஒயர் வழியாப் போற ஹாரனும் பாட்டு பட்டனும் ஜம்முனு வேலை செய்யுது. நூறு சதவீத நிரூபணம் இல்லைதான், உள்ள வேற வேற இழை. ஆனா 18,000 செலவு பண்ற அளவுக்கு சந்தேகமும் இல்லை.

அடுத்து டயர். மாமா பின்னாடி ரெண்டு டயரை மட்டும் மாத்தியிருந்தார். ஃபோர் வீல் டிரைவ்ல இது முக்கியம். முன்னாடி பின்னாடி டயரோட சுற்றளவுல வித்தியாசம் அதிகமானா சக்கர சென்சார்கள் ஆளுக்கு ஒரு வேகம் சொல்லும், ஏபிஎஸ் குழம்பும், க்ரூஸ் கழண்டுக்கும். சுண்ணாம்புக் கட்டியால டயர்ல கோடு போட்டு, வண்டியை ஒரு சுத்து உருட்டி டேப்பால அளந்தோம். வித்தியாசம் இருந்துச்சு, ஆனா பத்து மில்லிமீட்டர் கூட இல்லை. ஏபிஎஸ் விளக்கும் எரியலை. ஒதுக்கு.

ஃபோர் லோல மாட்டிக்கிட்டு இருக்கான்னும் பாத்தோம். சேத்துல இறங்கறதுக்கான அந்த கியர்ல பல வண்டிகள்ல க்ரூஸ் வேலை செய்யாது, அது வடிவமைப்பே அப்படி. ஆனா லோல நெடுஞ்சாலையில 80 போனா எஞ்சின் கத்தற கத்துல ஆம்பூர் ஜனமே வெளிய வந்து பாக்கும். அதுவும் இல்லை.

என்கிட்ட ஒரு ப்ளூடூத் டாங்கிள் இருக்கு, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற 16 பின் சாக்கெட்டுல சொருகி போன்ல பாக்கிறது. சொருகினேன். ஒரு கோடும் இல்லை, சுத்தம். ஆனா இதை நம்பி உக்காந்துடக் கூடாது. இந்த விலை கம்மியான டாங்கிள்கள் எல்லா வண்டிக்கும் பொதுவான பாஷையை மட்டும்தான் பேசும். அந்தப் பொதுவான பாஷை புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. செக் எஞ்சின் விளக்கும் அதே கதைதான், புகை சம்பந்தப்பட்ட கோளாறுக்குத்தான் அது முக்கியமா எரியும். ப்ரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் மாதிரி சமாசாரத்துக்கு எரியாமலே இருக்கலாம். "விளக்கு எரியலை, அதனால பிரச்சினை இல்லை"ங்கிறது லாக் ஃபைலைத் திறக்காமலே பக் இல்லைன்னு சொல்ற மாதிரி.

சரி, மெஷின் சொல்லலைன்னா மனுஷனைக் கேப்போம்னு மாமாவைப் புடிச்சு உக்கார வச்சேன். என்னைக்கு வேலை செய்யுது, என்னைக்கு செய்யலை?

"அது தெரிஞ்சா நான் ஏன் மாப்ள உன்ன கூப்புடறேன்?"

விடலை. நேத்து? முந்தாநேத்து? போன வாரம் வேலூர் போனீங்களே, அன்னிக்கு? டீ ரெண்டு தடவை வந்துச்சு. அத்தை நடுவுல வந்து, "இன்னாடா போலீஸ் ஸ்டேஷனாட்டம் கேக்கற"ன்னாங்க. கடைசியில ஒரு விஷயம் தலையைக் காட்டுச்சு. மலையில இருந்து இறங்கி நிக்காம நெடுஞ்சாலைக்குப் போன நாள் எதுலயும் க்ரூஸ் போடலை. பொன்னேரியில நிறுத்தி டீ குடிச்சுட்டுப் போன நாள்ல போட்டிருக்கு.

டீக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? டீக்கு இல்லை, சாவிக்கு. டீ குடிக்கணும்னா வண்டியை அணைச்சுட்டு இறங்கணும். திரும்ப வந்து சாவி போட்டா எல்லாம் முதல்ல இருந்து. ரீஸ்டார்ட்! நாம தினமும் கஸ்டமருக்குச் சொல்ற அதே வைத்தியம். அப்போ மலை இறங்கறப்ப ஏதோ ஒண்ணு நடக்குது, அதைக் கம்ப்யூட்டர் மனசுல வச்சுக்கிட்டு, சாவியை அணைக்கிற வரைக்கும் க்ரூஸைத் தர மாட்டேங்குது.

மலை இறங்கறப்ப நிறைய நடக்கிற விஷயம் என்ன? ப்ரேக்.

ப்ரேக் பெடலுக்கு மேல, ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் உக்காந்திருக்கும். ப்ரேக் சுவிட்ச். பாக்க ஒண்ணு, ஆனா உள்ள ரெண்டு. ஒண்ணு பெடலை அழுத்தினா சேரும், பின்னாடி சிவப்பு விளக்கை எரிய வைக்கும். இன்னொண்ணு நேர் எதிர், பெடலை அழுத்தினா பிரியும், அது கம்ப்யூட்டருக்கு மட்டும். ஏன் ரெண்டு? ஒரு ஒயர் அறுந்துட்டா? ஒரு சுவிட்ச் ஒட்டிக்கிட்டா? க்ரூஸ்ல 100ல போயிட்டிருக்கிறப்ப ப்ரேக் அழுத்தினது கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போனா என்ன ஆகும்னு யோசிச்சு, ரெண்டு சாட்சி வச்சிருக்காங்க. ரெண்டு சாட்சியும் ஒத்துப் போகணும். ஒருத்தன் "அழுத்தினான்"னும் இன்னொருத்தன் "இல்லை"ன்னும் சொன்னா, கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் நம்பாது. க்ரூஸைத் தூக்கிடும்.

இங்கதான் மாமா ஒரு விஷயம் சொன்னார், ரொம்ப சாதாரணமா. ஒரு மாசம் முன்னாடி மலை இறங்கறப்ப ஒரு வளைவுல பின்னாடி வந்த பைக்காரப் பையன் கிட்டத்தட்ட வண்டி மேலயே வந்துட்டானாம். அடுத்த வளைவுல பக்கத்துல வந்து, "ப்ரேக் லைட்டு கூட இல்லாம இன்னாத்துக்கு வண்டி ஓட்டற"ன்னு கத்திட்டுப் போயிருக்கான். மாமா அன்னிக்கே இறங்கிப் பாத்திருக்கார். அத்தனாவூர் கடைத்தெருவுல ஒருத்தரை நிறுத்தி ப்ரேக் அழுத்தினா, பளிச்னு எரியுது. "குடிச்சிருப்பான் அவன்"னு விட்டுட்டார்.

எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு. பின்னாடி சீட்டுல தினமும் ஸ்கூலுக்கு இறங்கறது மாமா பையன்.

அவனையே கூப்பிட்டேன். ஒன்பதாவது படிக்கிறான், நல்ல துடிப்பு. "நீ பின்னாடி நில்லு, விளக்கு எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு, எரியலைன்னா எரியலைன்னு சொல்லு. நூறு தடவை." சாவியைப் போட்டு நான் பெடல்ல. முதல் இருபது தடவை நல்லா மிதிச்சேன். இருபதும் எரிஞ்சுது. அப்புறம் மாமா எப்படி மலை இறங்குவார்னு யோசிச்சேன். ரெண்டாவது கியர்ல எஞ்சின் புடிச்சுக்கும், கால் பெடல் மேல தடவிக்கிட்டே வரும், லேசா ஒரு தட்டு, விடு, மறுபடி தட்டு. அதே மாதிரி அழுத்தினேன்.

"எரியுது... எரியுது... எரியுது... எரியல மச்சான்!"

நூறுல ஒன்பது தடவை எரியலை. ஒன்பதும் லேசா அழுத்தினப்ப. மிதிச்சா ஒரு தடவை கூடத் தவறலை. ஷெட்டுலயும் கடைத்தெருவுலயும் டெஸ்ட் பண்றவங்க எல்லாரும் பெடலை நல்லா மிதிச்சுத்தான் பாப்பாங்க. அதனாலதான் பாத்த ஒவ்வொருத்தருக்கும் எரிஞ்சுது. பைக்காரப் பையனுக்கு மட்டும் எரியலை. அவன் குடிச்சிருக்கலை.

திண்ணையில உக்காந்திருந்த மாமா எழுந்து வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னார். "இன்னொரு தடவ அழுத்து." எரிஞ்சுது. "இன்னொரு தடவ." ஏழோ எட்டோ தடவைக்கு அப்புறம் எரியலை. ஒண்ணும் பேசலை. உள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வந்தார்.

நூறு தடவை அழுத்தறதெல்லாம் சில்லறைத்தனமான வேலை மாதிரி தோணும். ஆனா விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு வேற வழி கிடையாது. பத்து தடவை அழுத்திட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு போயிருந்தா கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, பல்பு போச்சுன்னா ஒரு பக்கம் மட்டும் எரியாது. இங்க ரெண்டு பக்கமும் மேல இருக்கிற மூணாவது விளக்கும் ஒரே நேரத்துல எரியலை. அப்போ மூணுக்கும் பொதுவான இடம்: ஃபியூஸ், இல்லைன்னா சுவிட்ச். ஃபியூஸ் போனா போனதுதான், வந்து வந்து போகாது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மாமாவுக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் பாய் ஒருத்தர் வாணியம்பாடியில ஷெட் வச்சிருக்கார், ஞாயித்துக்கிழமையும் திறந்திருப்பார். மலை இறங்கறப்ப மாமா பதினாலு வளைவுலயும் பெடலை மிதி மிதின்னு மிதிச்சுக்கிட்டே இறங்கினார். பின்னாடி சீட்டுல இருந்த எங்களுக்குத்தான் தலை சுத்துச்சு.

பாய்கிட்ட பெரிய ஸ்கேனர் இருக்கு. கம்பெனி பாஷை பேசறது. மாட்டின உடனே பழைய கோடு ஒண்ணு வந்துச்சு: பி0504. ரெண்டு ப்ரேக் சுவிட்ச் சிக்னலும் ஒத்துப் போகலைங்கிறதுக்கான கோடு. எத்தனை நாளா உள்ள உக்காந்துட்டு இருந்துச்சோ, யாரும் கேக்கலை, அதுவும் சொல்லலை. (உங்க வண்டியில க்ரூஸ் அடம் புடிச்சா இதையும் பாருங்க: பி0571 ப்ரேக் சுவிட்ச், பி0704 கிளட்ச் சுவிட்ச், பி0564 ஸ்டியரிங் பட்டன், பி0500 வேக சென்சார். வண்டிக்கு வண்டி இன்னும் பல உண்டு.) அப்புறம் நேரலை டேட்டாவைத் திறந்தார். ப்ரேக் ஒண்ணு, ப்ரேக் ரெண்டுன்னு ரெண்டு வரி. மெதுவா அழுத்த அழுத்த, ரெண்டும் சேந்து மாறுது, சேந்து மாறுது... ஒரு தடவை ஒண்ணு மட்டும் மாறிச்சு. பாய் என்னைப் பாத்து சிரிச்சார். "தம்பி வூட்டுலயே எண்ணிட்டு வந்துட்டீங்க போல?" அந்த ஒரு பாராட்டு என் ஆஃபீஸ் அப்ரைசல்ல கூட வந்ததில்லை.

கழட்டின சுவிட்சை அவர் பிரிச்சுக் காட்டினார். விளக்குக்கான காண்டாக்ட் ரெண்டும் கரி மாதிரி கறுத்திருந்துச்சு. பாயோட தீர்ப்பு: "தோல் ஷாப் வண்டின்னாலே இப்படித்தான் தம்பி. ஏசி காயிலைப் பாருங்க, அதுவும் இப்படித்தான் போவும்." தோல்ல இருக்கிற முடியை நீக்க சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு போடுவாங்க. அது அமிலத்தோட சேந்தா அழுகின முட்டை வாசனையில ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கிறதுல அது கில்லாடி. மாமா வண்டி பகல் முழுக்க நிக்கிறது அந்தச் சுண்ணாம்பு யார்டுக்குப் பக்கத்துல. தோல் ஷாப் தண்ணியால பாலாறு என்ன ஆச்சுங்கிறது 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன கதை. காத்து என்ன பண்ணுதுன்னு காண்டாக்ட் பாயிண்டைப் பிரிச்சுப் பாக்கிற பாய் மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியுது.

ஆனா முழுசா அவர் பக்கம் சாய எனக்கு மனசில்லை. ரெண்டு பின் விளக்கு ஒவ்வொண்ணும் 21 வாட், கூடவே மேல இருக்கிற மூணாவது விளக்கு. நாலு ஆம்பியருக்குக் குறையாம அந்தக் குட்டி காண்டாக்ட் வழியா ஓடுது. ஒவ்வொரு தடவை பிரியறப்பவும் ஒரு சின்னப் பொறி. பதினாலு வளைவு, தினமும் ரெண்டு நடை, ஒவ்வொரு வளைவுக்கும் அஞ்சாறு தட்டு. பல வருஷம். தோல் ஷாப் பக்கமே போகாத வண்டியா இருந்தாலும் அது கறுத்திருக்கும். காத்து ஆரம்பிச்சு வச்சதைப் பொறி முடிச்சு வச்சிருக்கலாம். கறுத்த காண்டாக்டை வேகமா மிதிச்சா அழுத்தத்துல சேந்துக்கும், லேசாத் தொட்டா சேராது. ஒன்பது தடவைக்கு விளக்கம் அதுதான்.

புது சுவிட்ச் ஐநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. மாட்டறதுக்குப் பத்து நிமிஷம்: பெடலை அழுத்திப் புடிச்சு, சுவிட்சை உள்ள விட்டு, திருப்பி லாக் பண்ணி, மெதுவா பெடலை விட்டா அதுவே தன்னோட இடத்தை அளந்துக்கும். அவசரப்பட்டுத் தப்பா மாட்டினா பின் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், இல்லைன்னா பாதி மிதிச்ச அப்புறம்தான் எரியும்.

நாங்க அங்க நிக்கிறப்ப பக்கத்துக் கடையில ஸ்டீரியோ மாட்டற பையன் ஒருத்தன் எட்டிப் பாத்தான். "இதுக்கு எதுக்குண்ணா சுவிட்ச்சு? கம்ப்யூட்டருக்குப் போற ஒயரை ஷார்ட் பண்ணிவுட்டா க்ரூஸ் எப்பவும் நிக்கும்." நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாய் கிட்டத்தட்ட அடிக்கப் போயிட்டார். அந்தப் பையன் சொன்னது நிறைய வண்டியில நடக்குதாம். ப்ரேக் அழுத்தினதைச் சொல்ல வேண்டிய சாட்சியோட வாயைக் கட்டிட்டு, "அழுத்தவே இல்லை"ன்னு நிரந்தரமா ஒரு பொய்யை எழுதி வைக்கிறது. புது வண்டிகள்ல கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிச்சு மொத்தமா மறுத்துடும், நல்ல வேளை. பழசுல, மழை நாள்ல, முன்னாடி லாரி திடீர்னு நின்னு, நீங்க ப்ரேக்கை மிதிக்க, வண்டி தன்னோட 80ஐ விடாம டீசலை ஊத்திக்கிட்டே இருந்தா? நினைக்கவே வேணாம். இப்ப 2021ல இருந்து நம்மூர் வண்டிகள்லயே ரேடார் வச்சு முன்னாடி போற வண்டியைப் பாத்து வேகத்தைக் குறைக்கிற க்ரூஸ் வந்துடுச்சு. அதுலயும் பெடலுக்கு மேல இந்த சுவிட்ச் இருக்கு. டிரைவர் "வேணாம்"னு சொல்ற இடம் இன்னமும் அதுதான்.

சுவிட்ச் மாட்டி, கோடை அழிச்சு, ஆம்பூர் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். வாணியம்பாடி தாண்டி 80ல போட்டதும் பச்சை விளக்கு. ப்ரேக்கைத் தொட்டா போச்சு, மறுபடி அழுத்தினா வந்துச்சு. பத்துப் பதினஞ்சு தடவை இதையே பண்ணிக்கிட்டுப் போனோம். ஆம்பூர்ல பிரியாணி மாமா செலவு. (டெஸ்டிங்கோட கடைசிக் கட்டம் அதுதான், தவிர்க்க முடியாது.)

திரும்பி மலை ஏறறப்ப மாமா வழியில பெட்டிக்கடை வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட வண்டியை நிறுத்தினார். இந்தப் பக்கமா கறுப்பு கலர் பைக்ல ஒரு பையன் போவான், ஒல்லியா இருப்பான், யாருன்னு தெரியுமான்னு கேட்டார். அந்த அடையாளத்துல நூறு பேர் போவாங்கன்னு கடைக்காரர் சிரிச்சார்.

போன வாரமும் போன் பண்ணினேன். க்ரூஸ் நல்லா இருக்காம், முட்டியும் பரவாயில்லையாம். மாசத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் பையனைப் பின்னாடி நிறுத்தி ப்ரேக் விளக்கை எண்ணறாராம். லேசா அழுத்தித்தான். இருபது போதும்டான்னா அவன் அம்பதுன்னு பேரம் பேசறானாம், எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி ஐஸ்க்ரீம்னு ஒரு ஒப்பந்தம் ஓடுது போல. பழைய சுவிட்ச் என் பெங்களூர் மேஜை மேல இருக்கு. அடுத்த வாரம் அதுக்கு ஒரு ரிலே சர்க்யூட் வரைஞ்சு எடுத்துட்டுப் போறேன், விளக்கோட மொத்தக் கரன்ட்டும் அந்தக் குட்டி காண்டாக்ட் வழியா ஓடாம இருக்கிறதுக்கு. அதுக்கு அப்புறமும் கம்ப்யூட்டர் ரெண்டு சாட்சியையும் ஒழுங்காப் பாக்குதான்னு பாய்கிட்ட காட்டிட்டுத்தான் மாட்டணும். அவர் ஒத்துக்குவாரான்னு தெரியலை. "நல்லா ஓடற வண்டியில கை வெக்காதீங்க தம்பி"ன்னுதான் சொல்லுவார்.